அப்பாவின் பட்டறைச் சாமான்கள்: கிலோ கணக்கில் போகும் முன் குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டியவை

தோட்டத்து ஆலையில் ஃபிட்டர், செந்தூல் ரயில்வே பட்டறையில் மெக்கானிக், ஜே.கே.ஆரில் கொல்லர், பட்டணத்தில் தச்சர் அல்லது வெல்டர். இப்படி உழைத்து ஓய்வு பெற்ற ஒரு தலைமுறையின் வீடுகளில் ஒரு பொது அடையாளம் உண்டு. வீட்டின் பின்புறம் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. அதற்குள் ஒரு மேசை, மேசை முனையில் ஒரு வைஸ், சுவரில் ஆணியடித்து மாட்டிய ஸ்பானர்கள், மைலோ டின்களிலும் பிஸ்கட் டின்களிலும் நிறைந்திருக்கும் போல்ட்டு, நட்டு, ஆணி, வாஷர். எப்போதாவது உதவும் என்று எடுத்து வைத்த பைப்புத் துண்டுகள், பழைய மோட்டார், ஓடாத விசிறி, அறுந்த சங்கிலி.

அந்தப் பெரியவர் நடமாட முடியாமல் போகும்போதோ, காலமான பிறகோ, வீட்டை விற்றுப் பிள்ளைகளின் அடுக்குமாடிக்குக் குடிபோகும்போதோ இந்தக் கொட்டகை குடும்பத்திற்குப் பாரமாகிவிடுகிறது. பெரும்பாலும் நடப்பது என்ன? பழைய இரும்பு லோரி வருகிறது. எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளி நிறுத்து, கையில் சில நோட்டுகளைத் தந்துவிட்டுப் போகிறது. நாற்பது ஆண்டு உழைப்பின் கருவிகள் அரை மணி நேரத்தில் எடைக்குப் போய்விடுகின்றன.

அதில் பாதிக்குமேல் உண்மையிலேயே பழைய இரும்புதான். மீதியில் இன்னும் ஐம்பது ஆண்டு உழைக்கக்கூடிய கருவிகள் இருக்கும். வரலாற்றுக்கு உரியவை சில இருக்கும். தொட்டால் உயிருக்கே ஆபத்தானவையும் இருக்கும். இவற்றைப் பிரித்தறிந்து, ஒவ்வொன்றையும் உரிய இடத்தில் சேர்ப்பது எப்படி என்பதை இங்கே பார்ப்போம்.

யாருடைய பொருள், யாரைக் கேட்க வேண்டும்?

பொருளுக்குச் சொந்தக்காரர் உயிருடன் இருந்தால் முதலில் அவரைக் கேளுங்கள். அவர் மருத்துவமனையில் இருக்கும்போது கொட்டகையைக் காலி செய்துவிட்டு, வீடு திரும்பியதும் காட்டுவது நல்லெண்ணத்தில் செய்யப்பட்டாலும் பெரிய மனக்கசப்பில் முடியும். ஒரு நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்து, ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்துக் கேட்டால் இரண்டு நன்மைகள். எது யாரிடமிருந்து இரவல் வாங்கியது, எதற்குப் பயன்படும், எது பழுது என்பது அவருக்குத்தான் தெரியும். இன்னொன்று, தன் பொருள் இன்னாரிடம் போகிறது என்று அவரே தீர்மானித்தால் விட்டுக்கொடுப்பது அவருக்குச் சுலபமாகிறது.

அவர் காலமாகிவிட்டார் என்றால் அவசரப்பட வேண்டாம். கருமக்கிரியை முடியும் வரையாவது கொட்டகையைப் பூட்டி வையுங்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொன்றாகக் கேட்கும்போது மறுக்க முடியாமல் கொடுத்துவிட்டுப் பின்னர் உடன்பிறப்புகளுக்குள் மனவருத்தம் வருவது உண்டு. அம்மா, அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லாரும் கூடியிருக்கும் ஒரு நாளில் பட்டியல் போட்டு, ஆளுக்கு ஒன்றோ இரண்டோ முதலில் எடுத்துக்கொள்ளட்டும். பெண் பிள்ளைகளுக்குக் கருவி எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று டார்ச் லைட் பிடித்தவர் மகளாகவும் இருக்கலாம்.

கொட்டகையில் பழைய மோட்டார் சைக்கிள் இருந்தால் அது வேறு கதை. வாகனம் இன்னும் அவர் பெயரில் பதிவில் இருந்தால், பதிவை ரத்து செய்யாமலோ பெயர் மாற்றாமலோ இரும்புக்குக் கொடுத்துவிடக் கூடாது. சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே. அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். இறந்தவரின் பெயரில் உள்ள வாகனத்திற்கு வாரிசுரிமை ஆவணம் தேவைப்படும்.

கை வைக்கும் முன்

தடித்த கையுறை, மூடிய காலணி, முகக்கவசம். இந்த மூன்றும் இல்லாமல் கொட்டகைக்குள் போக வேண்டாம். பல ஆண்டுகள் அசையாமல் கிடந்த சாமான்களுக்கு அடியில் பூரானும் தேளும் பாம்பும் குடியிருக்கும். துருப்பிடித்த ஆணி குத்தினால் டெட்டனஸ் ஊசி பற்றிக் கிளினிக்கில் கேளுங்கள். பழைய வாகனங்களின் பிரேக் பட்டைகளில் கல்நார் எனப்படும் அஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். அந்தத் தூசியை வாயால் ஊதவோ, உலர்ந்த துடைப்பத்தால் கூட்டவோ கூடாது. ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

வெளியே எடுத்துப்போட்ட டின்களும் டயர்களும் மழையில் கிடந்தால் ஏடிஸ் கொசு முட்டையிடும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கொசு பெருக இடம் கொடுக்கும் வீட்டுக்காரருக்குச் சுகாதார அதிகாரிகள் அபராதம் விதிக்கலாம். எனவே பிரிக்கும் வேலையை ஒரே வாரக் கடைசியில் முடிக்க முடியாவிட்டால் கூரைக்கு அடியிலேயே வைத்துச் செய்யுங்கள்.

ஐந்து குவியல்

தரையில் தார்ப்பாய் விரித்து, சாமான்களை ஐந்தாகப் பிரிப்பது நல்லது.

1. குடும்பம் வைத்துக்கொள்பவை.
2. நல்ல நிலையில் இருப்பவை. இன்றைக்கே ஒருவர் எடுத்து வேலை செய்யலாம்.
3. பழையவை, அபூர்வமானவை. மதிப்பு என்னவென்று கேட்டறிய வேண்டியவை.
4. வெறும் உலோகம். எடைக்குப் போகலாம்.
5. ஆபத்தானவை. குப்பையிலும் போடக் கூடாது, லோரிக்கும் கொடுக்கக் கூடாது.

சந்தேகம் இருந்தால் மூன்றாவது குவியலில் போடுங்கள். அங்கிருந்து நான்காவதற்கு எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். லோரியில் ஏறியது திரும்பாது.

பெயரை எழுதி வையுங்கள்

குடும்பங்கள் அதிகம் செய்யாத வேலை இது. செலவில்லாததும் இதுதான். ஒவ்வொரு முக்கியமான கருவியையும் கைப்பேசியில் படம் எடுத்து, அதன் பெயரையும் அது எதற்கென்பதையும் குறித்து வையுங்கள்.

நம் நாட்டுத் தமிழர் பட்டறையில் ஒரே பொருளுக்கு மூன்று, நான்கு பெயர்கள் உண்டு. தச்சர் இழைப்புளி என்பதை மலாய்க்காரத் தோழர் கெத்தாம் என்பார். உளி அங்கே பாஹாட், இரம்பம் கெர்காஜி, அரம் கிக்கிர், வைஸ் ராகும். ஸ்பானர் எல்லார் வாயிலும் ஸ்பானா. குறடு, சம்மட்டி, துறப்பணம், வாய்ச்சி போன்ற சொற்கள் பள்ளிப் பாடப் புத்தகத்தைவிடத் தச்சுக் கொட்டகையில்தான் அதிகம் புழங்கின. கருவி எடைக்குப் போகும்போது அந்தச் சொல்லும் கூடவே போய்விடுகிறது. பெரியவர் வாயால் சொல்லக் கேட்டு ஒரு நிமிடம் காணொளியாகப் பதிவு செய்தால்கூடப் போதும்.

தோட்டத்துச் சாமான்களுக்கு இது இன்னும் பொருந்தும். பால்வெட்டும் கத்தி, மங்கு, பீலி, காண்டா, பால் வாளி ஆகியவை ஒரு காலத்தில் ஒவ்வொரு லாயத்திலும் இருந்தன. 1877-ல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர்க் கன்றுகள் 22. அவற்றின் வழி வந்த மரங்களை நம்பியே இலட்சக்கணக்கான தமிழர்கள் இந்த மண்ணில் வாழ்ந்தார்கள். இன்று நம் பிள்ளைகளில் பலர் ஒரு மங்கைக் கையில் தொட்டுப் பார்த்ததில்லை.

எவற்றுக்கு மதிப்பு உண்டு?

பழையது எல்லாமே விலைமதிப்புள்ளது என்று எண்ண வேண்டாம். ஆனால் கீழே உள்ளவற்றைக் கண்டால் சற்று நிறுத்தி விசாரியுங்கள்.

வைஸ்: இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்யப்பட்ட ரெக்கார்ட் போன்ற வார்ப்பிரும்பு வைஸ்கள் தலைமுறை தாண்டி உழைப்பவை. தாடை தேய்ந்திருந்தாலும் திருகு நன்றாக ஓடினால் அதற்கு ஆள் உண்டு. உடலில் விரிசல் இருந்தால் அல்லது உடைத்து வெல்டிங் வைத்திருந்தால் மதிப்பு இறங்கிவிடும்.

இழைப்புளி: மர இழைப்புளிகளும் ஸ்டான்லி, ரெக்கார்ட் போன்ற இரும்பு இழைப்புளிகளும் மரவேலைப் பிரியர்களால் தேடப்படுகின்றன. இரும்பு இழைப்புளியின் உடலில் ஓர் எண் வார்க்கப்பட்டிருக்கும். 4 என்றால் மெருகேற்றும் சிறியது, 5 என்றால் அதைவிட நீளமானது. விற்கும்போது இந்த எண்ணைக் குறிப்பிட்டால் வாங்குபவருக்கு உடனே புரியும்.

அளவுக் கருவிகள்: மைக்ரோமீட்டர், வெர்னியர் காலிப்பர், நீர்மட்டம், மூலைமட்டம். மரப்பெட்டியுடன் இருந்தால் பெட்டியைப் பிரிக்காதீர்கள். இவற்றைக் கீழே போட்டாலோ, மணல்தாளால் தேய்த்தாலோ அளவு சரியாகக் காட்டாது.

தையல் இயந்திரம்: பழைய சிங்கர் இயந்திரத்தின் உடலில் ஆங்கில எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். அதைக்கொண்டு எந்த ஆண்டு, எந்த ஆலையில் செய்தது என்று கண்டறியலாம். ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்தவை நம் வீடுகளில் காணப்படுவது உண்டு. அந்த ஆலை 1980-ல் மூடப்பட்டது. பெரும்பாலானவை இலட்சங்களுக்குப் போகாது. ஆனால் எண்ணெய் விட்டால் இன்னும் தைக்கும்.

விளக்குகள்: காற்றடித்து ஏற்றும் கேஸ் லைட்டுகளையும் கார்பைட் விளக்குகளையும் சேகரிப்பாளர்கள் விரும்புவார்கள். பழைய கேஸ் லைட்டின் மேண்டலில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் சிறிதளவு இருக்கும். பொடிந்து கிடந்தால் மூச்சில் போகாதபடி பையில் கட்டி அகற்றுங்கள்.

தராசு: டாச்சிங் எனப்படும் தூக்குக்கோல், படிக்கட்டு எடைக்கற்கள், காத்தி குறித்த பழைய அளவைகள் எல்லாம் மெட்ரிக் முறை வருவதற்கு முந்திய காலத்தைச் சொல்பவை. வியாபாரத்திற்கு உதவாது. காட்சிக்கு உதவும்.

பொருந்தாத ஸ்பானர்

"இந்த ஸ்பானர் எந்த நட்டுக்கும் சேரவில்லை, போடு இரும்பில்" என்று தூக்கிப்போடப்படும் கருவிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

தோட்டத்து ஆலைகளிலும் ரயில்வேயிலும் ஓடிய பிரிட்டிஷ் இயந்திரங்களில் விட்வொர்த் என்ற திருகு முறை இருந்தது. ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1841-ல் முன்வைத்த முறை அது. அதன் மரைகளின் கோணம் 55 பாகை. இன்றைய மெட்ரிக் திருகுகளுக்கு 60 பாகை. ஆகவே ஒன்று மற்றொன்றில் சரியாக ஏறாது. வலிந்து ஏற்றினால் மரை கெட்டுவிடும்.

விட்வொர்த் ஸ்பானரில் பொறித்திருக்கும் எண் அதன் வாயின் அகலம் அன்று. அது சேரும் போல்ட்டின் தடிப்பு. அதனால்தான் அரை அங்குலம் என்று எழுதியிருக்கும் விட்வொர்த் ஸ்பானரின் வாய் ஏறக்குறைய 23 மில்லிமீட்டர் இருக்கும். பின்னாளில் வந்த, வாயகலத்தைக் குறிக்கும் அரை அங்குல ஸ்பானரின் வாயோ 12.7 மில்லிமீட்டர்தான். எண் ஒன்றாக இருந்தும் அளவு வேறாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

இன்றைய கார்ப் பட்டறைக்கு இது தேவைப்படாது. ஆனால் பழைய பி.எஸ்.ஏ., நார்ட்டன், டிரையம்ஃப் மோட்டார் சைக்கிள்களைப் புதுப்பிப்பவர்களும், பழைய பிரிட்டிஷ் கடைசல் இயந்திரம் வைத்திருப்பவர்களும் இதைத்தான் தேடுகிறார்கள். ஸ்பானரில் டபிள்யூ, பி.எஸ்.எஃப். போன்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவற்றைத் தனியாக, முழு செட்டாகச் சேர்த்து வையுங்கள். செட்டாக இருந்தால்தான் மதிப்பு.

துருவை எந்த அளவுக்கு எடுப்பது?

கொடுப்பதற்கோ விற்பதற்கோ முன் ஓரளவு சுத்தம் செய்வது மரியாதை. மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கம்பிப் பிரஷால் தேய்த்து, துடைத்து, மெஷின் எண்ணெய் பூசினால் சாதாரணத் துருவுக்குப் போதும். அருகில் நெருப்பு இருக்கக் கூடாது. தடித்த துருவென்றால் வெள்ளை வினிகரில் ஓர் இரவு ஊறவைக்கலாம். மறுநாள் நீரில் கழுவி, சமையல் சோடா கரைத்த நீரில் முக்கி, உடனே உலர்த்தி எண்ணெய் பூச வேண்டும். நம் நாட்டு ஈரக்காற்றில் அப்படியே விட்டால் மறுநாளே துரு திரும்பிவிடும். சமையல் எண்ணெய் பூசாதீர்கள். நாளடைவில் பிசினாக இறுகிவிடும்.

அளவுக் கருவிகளையும் முலாம் பூசியவற்றையும் வினிகரில் போடக் கூடாது. அபூர்வமானது என்று தோன்றினால் தூசியை மட்டும் துடையுங்கள். கிரைண்டர் வைத்துப் பளபளப்பாக்கினால் கம்பெனி முத்திரையும் ஆண்டும் அழிந்து, சேகரிப்பாளருக்கு அது வெறும் இரும்பாகிவிடும்.

மரப்பிடிகளில் கரையான் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். இருந்தால் பிடியைக் கழற்றி எரித்துவிட்டு இரும்பை மட்டும் கொடுங்கள். பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது. விரித்துக் காயவைத்துப் பிறகு எறியுங்கள்.

எங்கே கொடுக்கலாம், எங்கே விற்கலாம்?

தொழில் தொடங்கும் இளைஞர்கள்: முதலில் சொந்த வட்டத்தில் பாருங்கள். தொழிற்பயிற்சி முடித்து, குழாய் வேலை, வயரிங், ஏர்-கோன், வெல்டிங் என்று சொந்தமாகத் தொடங்கும் பிள்ளைகளுக்குப் பெரிய தடை கருவி வாங்கும் பணம். ஒரு நல்ல ஸ்பானர் செட்டும், டிரில்லும், ஏணியும் கிடைத்தால் அவர்களுக்கு அது முதல் மாதச் சம்பளம் போன்றது. கோவில் நிர்வாகம், குடியிருப்பு மன்றம், இளைஞர் இயக்கம் ஆகியவற்றின் வாட்சாப் குழுவில் படத்துடன் போட்டால் விரைவில் ஆள் கிடைப்பார்.

பயிற்சிக் கூடங்கள்: கியாட் மாரா, தொழில்நுட்பக் கல்லூரிகள், சமூக அமைப்புகள் நடத்தும் தொழிற்பயிற்சி நிலையங்கள் ஆகியவற்றை முன்கூட்டியே தொலைபேசியில் கேளுங்கள். எல்லா இடமும் நன்கொடையை ஏற்காது. கைக்கருவிகளை ஏற்றாலும் பாதுகாப்புக் காரணமாகப் பழைய மின்கருவிகளை மறுக்கலாம். பட்டியலும் படமும் அனுப்பிய பிறகே கொண்டு போங்கள். சொல்லாமல் வாசலில் இறக்கி வைப்பது தானம் ஆகாது. நம் குப்பையை அவர்கள் தலையில் கட்டுவதாகும்.

தமிழ்ப்பள்ளிகள்: மங்கு, பீலி, பால்வெட்டும் கத்தி, காண்டா, பழைய இஸ்திரிப் பெட்டி, அம்மி, உரல் போன்றவற்றை வரலாற்று மூலையில் வைக்க விரும்பும் பள்ளிகள் உண்டு. தலைமை ஆசிரியரிடமோ பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடமோ கேளுங்கள். கத்தியின் கூரை மழுக்கி, பெயரும் பயனும் தோட்டத்தின் பெயரும் எழுதிய அட்டையுடன் கொடுங்கள்.

அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம்: ஒரு கருவியின் மதிப்பு அதன் கதையில் இருக்கிறது. யார், எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டுகளில் பயன்படுத்தினார் என்று தெரிந்தால்தான் அருங்காட்சியகம் கவனிக்கும். கொட்டகையில் சம்பளச் சீட்டு, வேலை அடையாள அட்டை, தொழிற்சங்க அட்டை, ஆலைப் புகைப்படம் ஆகியவை அகப்பட்டால் அவை கருவியைவிட முக்கியமானவை. நாட்டின் தேசிய ஆவணக் காப்பகமான அர்கிப் நெகாரா தனியார் ஆவணங்களையும் பாதுகாக்கிறது. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு 2015-ல் கேம்பல் லேனில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் உண்டு. எழுதிக் கேட்டுவிட்டு, ஏற்றுக்கொண்டால் ரசீது அல்லது கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழம்பொருள் சந்தைகள்: பினாங்கு லோரோங் குலிட், ஈப்போவின் ஞாயிறு காலைச் சந்தை, பெட்டாலிங் ஜெயா ஆம்கோர்ப் மாலின் வாரக் கடைசிச் சந்தை ஆகியவை பழைய பொருட்களுக்குப் பெயர் பெற்றவை. விற்கப் போகும் முன் ஒருமுறை வாங்குபவர்போல் நடந்து விலை கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களிடம் வாங்கும் விலை, அவர் விற்கும் விலையைவிடக் கணிசமாகக் குறைவாகத்தான் இருக்கும். அவருக்கும் கடை வாடகையும் இலாபமும் உண்டு.

இணையம்: முடா, கேரோசெல், முகநூல் சந்தை ஆகியவற்றில் போடும்போது பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். முத்திரை, எண், பழுது மூன்றும் தெரிய வேண்டும். பழுதை மறைத்தால் வாங்க வந்தவர் வாசலில் வைத்துப் பேரம் பேசுவார். பணம் அனுப்புகிறேன், இந்த இணைப்பை அழுத்துங்கள் என்று வரும் செய்திகள் மோசடி. ஓ.டி.பி. எண்ணை எவருக்கும் தராதீர்கள். வயதான அம்மா தனியாக இருக்கும் வீட்டுக்கு அறிமுகமில்லாதவர்களை வரச் சொல்லாமல் பொது இடத்தில் சந்தியுங்கள்.

மின்கருவி கொடுக்கும்போது ஒரு பொறுப்பு உண்டு. வயர் உறை வெடித்த டிரில்லையோ எர்த் இல்லாத கிரைண்டரையோ அப்படியே கொடுக்கக் கூடாது. வயர்மேன் ஒருவரிடம் காட்டுங்கள். பழுது பார்க்க முடியாதென்றால் வயரை வெட்டிவிட்டு மின்கழிவில் சேருங்கள்.

பழைய இரும்பு லோரி

மீதமானவற்றுக்கு லோரிதான் சரியான வழி. அதில் தாழ்வு எதுவும் இல்லை. உருக்கப்பட்டு மறுபடியும் இரும்பாகத்தான் வரப்போகிறது. ஆனால் பிரிக்காமல் கொடுத்தால் நட்டம் நமக்கே.

ஒரு காந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் சிவந்திருந்தால் செம்பு, மஞ்சளாக இருந்தால் பித்தளை, வெளுத்து எடை குறைவாக இருந்தால் அலுமினியம், மங்கிய சாம்பல் நிறத்தில் மிகக் கனமாக இருந்தால் ஈயம். எவர்சில்வர் சில வகை ஒட்டும், சில வகை ஒட்டாது. செம்பின் விலை இரும்பின் விலையைவிடப் பல மடங்கு அதிகம். பழைய குழாய் முனைகள், வால்வுகள், மோட்டார் சுருள்கள், வயர்கள் ஆகியவற்றை இரும்போடு கலந்துவிடாதீர்கள். செம்பு எடுப்பதற்காக வயரை எரிப்பது தவறு. நச்சுப்புகை எழும்.

இரண்டு, மூன்று கடைகளில் அன்றைய கிலோ விலையைக் கேளுங்கள். எடை போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். பழைய பொருள் வணிகர்கள் 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் உள்ள வணிகர் விற்பவரின் விவரத்தைக் குறித்துக்கொள்வார். மைகார்டு கேட்டால் கோபப்பட வேண்டாம். திருட்டுப் பொருள் இல்லை என்பதற்கு அது உங்களுக்கே பாதுகாப்பு. தோட்டம், ரயில்வே, மின்வாரியம், தண்ணீர் வாரியம் ஆகியவற்றின் முத்திரை உள்ள தண்டவாளத் துண்டு, கேபிள், மீட்டர், மூடி போன்றவற்றை விற்கக் கூடாது. எப்படி வந்தது என்று தெரியாவிட்டால் உரிய அலுவலகத்தில் சொல்லித் திருப்பிக் கொடுங்கள்.

672 சட்டம் எனப்படும் திடக்கழிவு நிர்வாகச் சட்டம் அமலில் உள்ள கோலாலம்பூர், புத்ராஜெயா, ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ் ஆகிய இடங்களில், மறுபயனீட்டுப் பொருள்களையும் பெரிய சாமான்களையும் தனியாக எடுக்க வாரம் ஒரு நாள் ஒதுக்கப்பட்டுள்ளது. மற்ற மாநிலங்களில் அந்தந்த நகராண்மைக் கழகத்தைக் கேளுங்கள்.

ஐந்தாவது குவியல்: தொடாதீர்கள், விற்காதீர்கள்

இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் உள்ள எல்லாரும் படிக்க வேண்டும்.

களைக்கொல்லி: தோட்டத்தில் வேலை செய்தவர்களின் கொட்டகையில் பாராகுவாட் மீதம் இருக்கலாம். மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் அது முழுமையாகத் தடை செய்யப்பட்டுள்ளது. ஒரு வாய் உள்ளே போனாலே உயிர் போகக்கூடியது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. சோடா போத்தலிலும் சர்பத் போத்தலிலும் ஊற்றி வைத்திருப்பார்கள் என்பதால் பெயர் ஒட்டாத எந்தப் போத்தலையும் திறந்து முகராதீர்கள். கால்வாயில் ஊற்றாதீர்கள். விவசாய இலாகாவையோ சுற்றுச்சூழல் இலாகாவையோ தொடர்பு கொள்ளுங்கள்.

எரிவாயுத் தோம்புகள்: ஆக்ஸிஜன், அசெட்டிலின், சமையல் எரிவாயுத் தோம்புகள் பெரும்பாலும் எரிவாயு நிறுவனத்துக்குச் சொந்தமானவை. காலியாக இருப்பதுபோல் தோன்றினாலும் வெட்டினால் வெடிக்கும். விநியோகிப்பாளரிடம் திருப்பிக் கொடுங்கள். பழைய காற்றுக் கம்ப்ரசரின் தொட்டி உள்ளே துருப்பிடித்து மெலிந்திருக்கும். பரிசோதிக்காமல் காற்று ஏற்ற வேண்டாம்.

கார்பைட்: டின்னில் அடைத்த கார்பைட் கல்லில் நீர் பட்டால் எரியும் வாயு வரும். நனையவிடாமல், தீ அருகில் வைக்காமல், தீயணைப்பு நிலையத்தில் ஆலோசனை கேளுங்கள்.

பேட்டரி, எண்ணெய், மின்கழிவு: ஈய அமில பேட்டரிகள், பழைய இஞ்சின் எண்ணெய், மின்னணுச் சாதனங்கள் ஆகிய மூன்றும் 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளில் அட்டவணையிடப்பட்ட கழிவுகளாகக் குறிக்கப்பட்டவை. பேட்டரியைப் பேட்டரிக் கடையில் கொடுத்தால் பணமும் கிடைக்கும். எண்ணெயைக் கார்ப் பட்டறையில் கேட்டுக் கொடுக்கலாம். மின்கழிவைச் சேகரிப்பு மையத்தில் சேர்க்க வேண்டும். குழல் விளக்குகளில் பாதரசம் உண்டு. உடைக்காமல் கொண்டு போங்கள்.

துப்பாக்கி, தோட்டா, பழைய குண்டு: பன்றி விரட்ட வைத்திருந்த துப்பாக்கியின் தோட்டாக்களோ, போர்க்காலக் குண்டோ கிடைத்தால் கை வைக்காதீர்கள். படம் எடுத்து வாட்சாப்பில் பரப்புவதற்கு முன் போலீசை அழையுங்கள். உரிமமின்றி வைத்திருப்பது 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். நீங்களே காரில் வைத்து நிலையத்துக்குக் கொண்டு போகவும் வேண்டாம்.

பாராங்: கத்தி, அரிவாள், பாராங் ஆகியவற்றைக் கொண்டுபோகும்போது துணியில் சுற்றிக் கட்டி, காரின் பின்பெட்டியில் வையுங்கள். தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பதை 1958-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இன்னாருக்குக் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லத் தயாராக இருங்கள்.

எதை வைத்துக்கொள்வது?

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள அடுக்குமாடியில் இடமில்லை. எல்லாவற்றையும் கொடுத்துவிடவும் மனம் வராது. ஆயுத பூசைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து வணங்கிய கருவியை எடைக்குப் போடத் தயங்குபவர்கள் நம்மிடையே உண்டு. அந்தத் தயக்கம் நியாயமானது. அதற்கு ஒரு வழி, கையில் அடங்கும் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. அவர் தினமும் பிடித்துத் தேய்ந்த சுத்தியல், அவர் பெயரின் முதல் எழுத்தைத் தட்டிப் பொறித்த குறடு, பால்வெட்டும் கத்தி. அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டாமல் சமையலறை இழுப்பறையில் வைத்து, வீட்டில் ஆணி அடிக்கவும் குழாய் முடுக்கவும் பயன்படுத்துங்கள்.

மற்றவை வேறொருவர் கையில் வேலை செய்யட்டும். கொடுக்கும்போது வாங்குபவரிடம் இரண்டு வார்த்தை சொல்லுங்கள்: யாருடையது, என்ன வேலை செய்தவர், எந்த ஊர். பணமாகக் கிடைப்பது குறைவாக இருந்தாலும், அந்த வைஸில் அடுத்த முறை இரும்பைப் பிடிக்கும் இளைஞனுக்கு அதை முன்பு பிடித்தவரின் பெயர் தெரிந்திருக்கும்.